கல்யாணத்தை நிறுத்திய பதினோராம் நாள்

நான் சமூக அறிவியல் டீச்சர். கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்து 2023-ல் ஓய்வு பெற்றேன். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த 'சாரதா சட்டம் – 1929' என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அது ஒரு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகளும் சரியாக எழுதிவிடுவார்கள். அப்படிச் சரியாக எழுதிய பெண்பிள்ளைகளில் பதினெட்டு முடிவதற்குள் கல்யாணம் ஆனவர்கள் என்று எனக்குப் பெயரும் முகமும் நினைவிருப்பவர்கள் மட்டும் இருபத்து மூன்று பேர்.

அதில் நான் தலையிட்டுப் பார்த்தது நான்கைந்து. இரண்டை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலாவதில் நான் கோட்டை விட்டதுதான் இரண்டாவதில் கைகொடுத்தது.

முதலாவது, 2011 ஆவணி. ஒன்பதாம் வகுப்புப் பெண், வயது பதினான்கு. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. வேறொரு பிள்ளையின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். மயிலிறகை வைத்திருப்பதுபோல உள்ளே ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் மணமகள் என் வகுப்பில் இரண்டாவது பெஞ்சுக்காரி. நான்கு நாளாகக் காய்ச்சல் என்று லீவு சொல்லி அனுப்பியிருந்தவள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அடித்தேன். எதிர்முனையில் பேசிய பெண் நிதானமாகக் கேட்டார். பெண்ணின் பெயர், அப்பா பெயர், ஊர், ஒன்றியம், கல்யாணம் எங்கே, எத்தனை மணிக்கு, பிறந்த தேதி தெரியுமா, பையன் வீடு எந்த ஊர். என் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்றும் சொன்னார். பாதிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பத்திரிகையை வைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன்.

காலை ஐந்தரைக்கு ஜீப் வந்துவிட்டது. ஊர்நல அலுவலர், மகளிர் காவல் நிலையத்து எஸ்.ஐ., சைல்டுலைனிலிருந்து இரண்டு இளைஞர்கள், வி.ஏ.ஓ. ரேஷன் கார்டில் பெண்ணின் வயது பத்தொன்பது என்று போட்டிருந்தது. அதைக் காட்டி அப்பா வாதாடிக்கொண்டிருந்தார். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஹெச்.எம். போக வேண்டியதாயிற்று, துணைக்கு நானும் போனேன். அந்தப் பதிவேட்டைக் கண்டதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. ஐந்தாம் வகுப்பு டி.சி.யோடு வந்து, அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்த்த பக்கம் அது.

பந்தலுக்குப் பின்பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், முப்பது படி அரிசி வெந்துக்கிட்டு இருக்கு. இத நான் என்ன பண்ணட்டும்?" எஸ்.ஐ.யைப் பார்த்தேன். அவர் வி.ஏ.ஓ.வைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. இப்போதும் சட்டப் புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் அந்த முப்பது படி அரிசி என் நினைவுக்கு வரும்.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினார்கள். 'எங்கள் மகளுக்கு 18 வயது பூர்த்தியாகும் வரை திருமணம் செய்து வைக்க மாட்டோம் என உறுதி கூறுகிறோம்.' அப்பா கையெழுத்து, பையனின் அப்பா கைநாட்டு, சாட்சிக்கு வி.ஏ.ஓ. போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் ஒரு பத்திச் செய்தி. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் எனக்குக் கைகொடுத்தார்கள். நானும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அவள் பள்ளிக்கு வரவில்லை. வெட்கமாக இருக்கும், இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தேன். நிறுத்திய பதினோராம் நாள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலில், ஏழெட்டுப் பேர் முன்னிலையில் தாலி கட்டியாகிவிட்டது. பந்தல் இல்லை, பத்திரிகை இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு மாதம் கழித்துச் சந்தையில். வளையல் தள்ளுவண்டிக்குப் பின்னால் யாரோ சட்டென்று குனிந்தார்கள். அவள்தான். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அலுவலகத்துக்கு போன் போட்டேன். "அது அடுத்த ஸ்டேட் மேடம், நம்ம லிமிட்ல வராது" என்றார்கள். பள்ளியில் தொடர் விடுப்பு என்று காரணம் எழுதி அவள் பெயரை நீக்கினோம். அந்த வரியை எழுதியது நான்தான்.

குடும்பத்துக்குக் கடன் இரட்டிப்பானது என்று பின்னால் கேள்விப்பட்டேன். நின்றுபோன கல்யாணத்துக்கு ஒரு கடன், நடந்த கல்யாணத்துக்கு ஒரு கடன். அதைத் தீர்க்க அவளும் புருஷனும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள்.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். பாடம் நடத்துகிறவள் அதுவரை படிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006. நடைமுறைக்கு வந்தது 2007 நவம்பர் 1. மொத்தம் 21 பிரிவுதான், ஒரு மத்தியானத்தில் படித்து முடித்துவிடலாம். படித்தபோது தெரிந்தது, அந்த வெள்ளைத்தாள் உறுதிமொழியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அது அதிகாரிகள் பழக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் காகிதம். சட்டம் கொடுத்திருக்கும் ஆயுதம் 13-ஆம் பிரிவு. ஒரு குழந்தைத் திருமணம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் குற்றவியல் நடுவரிடம் போய்த் தடையாணை வாங்கலாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்தான் போக வேண்டும் என்றில்லை. விஷயம் தெரிந்த யாரும் புகார் கொடுக்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுக்காமலே இடைக்கால ஆணை போடலாம். அடுத்த பிரிவு 14. அந்த ஆணையை மீறி நடக்கும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், இந்தியச் சட்டத்தில் குழந்தைத் திருமணம் தண்டனைக்குரிய குற்றம், ஆனால் பொதுவாகச் செல்லுபடியாகும். நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். தாலி கட்டியவன் ஜெயிலுக்குப் போகலாம். இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கட்டிய தாலி மட்டும் நிற்கும், அந்தப் பெண்ணே கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்யும்வரை. கடத்தியோ ஏமாற்றியோ விற்றோ செய்த கல்யாணமும், தடையாணையை மீறிய கல்யாணமும்தான் விலக்கு. கர்நாடகம் 2016-ல் தன் மாநிலத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து எல்லாக் குழந்தைத் திருமணத்தையும் தொடக்கத்திலேயே செல்லாது என்று ஆக்கியது. நம் பக்கம் அப்படி இல்லை. ஆக, 2011-ல் அந்த ஜீப் வந்த அன்றே ஒரு தடையாணை வாங்கியிருந்தால், பதினோராம் நாள் கட்டிய கயிறு சட்டத்தின் கண்ணில் வெறும் கயிறு. யாரும் வாங்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

சட்டங்களின் இந்தத் தயக்கம் பழைய கதை. 1891-ல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்தினார்கள். அதற்கே ஒரு சிறுமி சாக வேண்டியிருந்தது. வங்காளத்தில் புல்மோனி என்ற பத்து, பதினோரு வயதுப் பிள்ளை புருஷன் கையில் இறந்த வழக்கு. அப்படியும் மதத்தில் கை வைக்கிறார்கள் என்று பெரிய எதிர்ப்பு. 1929-ல் ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்றது. பெற்றோருக்குத் தண்டனை ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் கொடுப்பவர்தான் 100 ரூபாய் வரை பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் வந்து கொடுப்பார்கள்? இதைவிட வேடிக்கை, சட்டம் நிறைவேறியது செப்டம்பரில், அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. அந்த ஆறு மாதத்தில் நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைகளுக்குக் கல்யாணம் முடித்தார்கள். சட்டம் வருகிறது என்ற சேதியே மேளத்தைக் கூட்டி வந்தது.

இது ஏதோ அந்தக் காலம் என்று நினைத்திருந்தேன். 2021 டிசம்பரில் பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா மக்களவைக்கு வந்ததும், எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவர் என்னிடமே கேட்டார்: "இருபத்தொண்ணாக்கப் போறாங்களாமே டீச்சர், அதுக்குள்ள முடிச்சிரணுமில்ல?" அந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போய், 2024-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அவர் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

சரி, இரண்டாவது கதைக்கு வருகிறேன். 2018.

அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு பள்ளியில் ஒரு விழிப்புணர்வுப் பேரணி. மேலிடத்து உத்தரவு. தெருத்தெருவாகப் போனோம். முன்வரிசையில் 'குழந்தைத் திருமணத்தை ஒழிப்போம்' அட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் பத்தாம் வகுப்புப் பெண், உயரமாக இருக்கிறாள் என்று நானே நிறுத்தினேன். பொதுத்தேர்வு முடிந்த கையோடு, சித்திரைக் கடைசியில் அவளுக்கே பூ வைத்துவிட்டார்கள். பதினாறு முடியவில்லை. மாப்பிள்ளை தாய்மாமன் முறை. வைகாசி மூன்றாம் வாரம் கல்யாணம்.

சேதி வந்ததும் இந்த முறை ஜீப்பை நம்பவில்லை. கையில் இருபது நாள் இருந்தது. பூ வைத்த நிலையில் ஆகியிருக்கும் செலவு ஒரு புடவையும் கொஞ்சம் பலகாரமும்தான். அரிசி இன்னும் கடையில் இருக்கிறது. இந்த நிலையில் பேசினால் குடும்பம் இறங்கிவரும். முகூர்த்தக் காலையில் நிறுத்தினால் பகைதான் மிஞ்சும். ஒரு கல்யாணத்தைப் பற்றித் தெரிந்தால் பத்திரிகை அடிக்கும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

முதலில் நானும் இன்னொரு டீச்சரும் வீட்டுக்குப் போனோம். அப்பாவும் அம்மாவும் ஓசூருக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார்கள். பெண்ணும் தங்கையும் பாட்டியோடு. அன்று அப்பா வந்திருந்தார். மோர் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார். "எனக்கும் தெரியும் டீச்சர், தப்புதான். ஆனா பிளஸ் ஒன்னுக்கு ஒம்பது கிலோமீட்டர் போகணும். சாயங்காலம் பஸ் அஞ்சே முக்காலுக்கு. இவ வீடு சேர ஏழு மணி. நாங்க ஊர்ல இல்ல. போன வருஷம் எதிர்த்த வீட்டுப் பொண்ணு ஓடிப்போச்சே, அவங்கப்பன் இன்னிக்கு வரைக்கும் டீக்கடைக்கு வர்றதில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்க நாளைக்கு மாத்தல்ல போயிடுவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்?"

அவருக்கு என்ன விழிப்புணர்வு கொடுப்பது? சட்டம், வயது, உடம்புக்கு ஆகாது என்பது எல்லாம் அவருக்கே தெரிந்திருந்தது. அவரிடம் இருந்தது பயம். பெண் யாரோடாவது போய்விடுவாள், ஊர் சிரிக்கும், காவலுக்கு ஆளில்லை. ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு எந்தச் சட்டப்பிரிவு பதில் சொல்லும்? நாங்களோ அட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்தோம்.

அதனால் இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்தோம். ஒரு பக்கம் மாவட்டச் சமூகநல அலுவலரிடம் எழுத்தில் புகார். தமிழ்நாட்டில் அவர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். கூடவே பள்ளிச் சான்றின் நகல். வயதுக்குச் சான்று என்றால் சிறார் நீதிச் சட்டம் முதலில் பார்க்கச் சொல்வது பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழை, அடுத்து உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழை, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. ஆதார் கார்டை நீட்டுவார்கள். அது வயதுக்கு ஆதாரமாகாது. புகாரில் 'தடையாணை கோர வேண்டுகிறேன்' என்று ஒரு வரி சேர்த்தேன். அலுவலகத்தில் ஒருவர் படித்துவிட்டு, "எதுக்கு மேடம் கோர்ட்டு, எழுதி வாங்கிட்டா போதாதா?" என்றார். பழைய வெள்ளைத்தாளின் கதையைச் சொன்னேன். நான்கு முறை நடந்தேன். ஐந்தாம் முறை மனு போட்டார்கள்.

கோர்ட் வராண்டாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது தனிக்கதை. சாயங்காலம் இடைக்கால ஆணை கிடைத்தது. இரண்டு பக்கம், நீல முத்திரை. நகல் பெண் வீட்டுக்கு ஒன்று, பையன் வீட்டுக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று. மண்டபக்காரர் அன்றைக்கே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நடத்தி வைப்பவர், துணை போகிறவர், தடுக்காமல் விடும் பெற்றோர் என எல்லோருக்கும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. கோர்ட்டுக்குப் போகாமல் ஜாமீன் கிடைக்காத குற்றம். அதைவிட, பையன் வீட்டாரை யோசிக்க வைத்தது 'செல்லாது' என்ற ஒரு சொல். ஜெயிலுக்குப் போய் வந்தவர்களை அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார்கள், வருவார்கள் போவார்கள். கட்டினாலும் கல்யாணமில்லை என்றால் சொந்தக்காரர்களிடம் என்னவென்று சொல்வது?

மறுபக்கம் பெண்ணின் அப்பாவுடைய பயத்துக்கு ஒரு வழி தேட வேண்டும். குழந்தைகள் நலக் குழுவின் முன் பெண்ணையும் பெற்றோரையும் வரச் சொன்னார்கள். குழுவில் ஒரு அம்மா அவளிடம், "என்ன படிக்க ஆசை, டாக்டரா, டீச்சரா?" என்று கேட்டார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "படிக்கணும்னு எல்லாம் இல்லங்க. இப்ப கல்யாணம் வேணாம்." எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கலெக்டராக வேண்டும் என்று சொல்லும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் நமக்கெல்லாம் பிடிக்கிறது. சும்மா, இப்போது வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கும் அதே சட்டம்தான்.

நகரத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பக்கத்திலேயே அரசு மாணவியர் விடுதி. இடம் இல்லை என்றார்கள். குழுவின் கடிதத்தோடு போனபோது இடம் இருந்தது. அப்பா விடுதியை வந்து பார்த்தார். சுவரின் உயரத்தைப் பார்த்தார், கேட்டில் பூட்டைப் பார்த்தார், வார்டனம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டார். அந்தப் பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். எனக்கு அந்தப் பூட்டு பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அதுதான் தாலியைத் தள்ளிவைத்தது.

அதோடு விடவில்லை. மாதம் ஒருமுறை விடுதிக்கு ஒரு போன், பாட்டி வீட்டுக்கு ஒரு நடை. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போதும், தை பிறக்கும்போதும் தவறாமல். நிறுத்திய கல்யாணம் மறுபடி முளைப்பது முதல் ஒரு வருடத்தில்தான். அவள் பொருளாதாரத்தில் ஒருமுறை ஃபெயிலாகி, பிறகு எழுதி பிளஸ் டூ முடித்தாள். இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இருபத்திரண்டில் கல்யாணம், அதே தாய்மாமன் முறைப் பையன் இல்லை. பத்திரிகை வைத்தாள்.

தலையிட நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, நடந்து முடிந்த கல்யாணம் பற்றி. பதினாறில் கட்டிக்கொடுத்த ஒரு பழைய மாணவி, அடி தாங்காமல் பத்தொன்பது வயதில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வக்கீல் விவாகரத்துக்குப் பேப்பர் தயார் செய்துவிட்டார். நான் 3-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினேன். பதினெட்டு முடிந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது பெண்ணுக்கு இருபது முடிவதற்குள், மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டால் அந்தக் கல்யாணத்தையே ரத்து செய்யலாம். கொடுமையை நிரூபிக்க வேண்டாம், அன்றைக்கு வயது என்ன என்று காட்டினால் போதும். அவளுக்கு நான்கு மாதம் மீதி இருந்தது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் வைத்துக் கொடுத்தார்கள். மறுமணம் ஆகும்வரை ஜீவனாம்சம் கேட்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. குழந்தை இருந்தாலும் அது சட்டப்படியான குழந்தைதான். இந்த இரண்டு வருடக் கணக்கு தெரியாமல் காலம் கடந்து வந்தவர்கள் இருவரை அதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சட்டம் கடுமையானால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். கொரோனாவுக்குப் பிறகு அந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. 2021-ல் பள்ளி திறந்தபோது வராத பெண்களைத் தேடிப் போனோம். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா சாடையாகச் சொன்னார், உள்ளே ஏழு மாதம் என்று. பதினேழு வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறைகூடப் பதியவில்லை. ஊசி இல்லை, இரும்புச்சத்து மாத்திரை இல்லை. ஏனென்றால் பதினெட்டுக்குக் கீழே கர்ப்பம் என்றால் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவர்கள் மேல் குற்றம். 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பதினெட்டுக்குக் கீழான மனைவியோடு உறவு என்றாலும் பாலியல் வன்கொடுமைதான் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் அந்தச் சட்டம் போய்ச் சேர்ந்த விதம், கதவுக்கு உள்தாழ்ப்பாளாக. கிராம சுகாதாரச் செவிலியரைக் கூட்டிக்கொண்டு இரவில் போனேன். வழக்கும் வந்தது, பிரசவமும் நல்லபடியாக ஆனது. புருஷன் ஜெயிலுக்குப் போனான், அவள் கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் வசவு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் செய்தது சரியா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

2023 பிப்ரவரியில் அஸ்ஸாமில் நடந்தது இதன் பெரிய உருவம். பழைய கல்யாணங்களுக்கெல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். காவல் நிலைய வாசலில் நின்று அழுதவர்கள் பெரும்பாலும் யாரைக் காப்பாற்றச் சட்டம் வந்ததோ அந்தப் பெண்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு நீண்ட தீர்ப்பில், வழக்குப் போடுவதை மட்டும் பார்க்காமல் நடக்காமல் தடுப்பதில் கவனம் வையுங்கள் என்று அரசுகளுக்குச் சொன்னது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஜீப்பும் நினைவுக்கு வந்தது, அந்த விடுதிப் பூட்டும்.

காசு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் திருமண உதவித் திட்டம் இருந்தது. பிற்காலத்தில் பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டம் படித்திருந்தால் 50,000, கூடவே தாலிக்குத் தங்கம். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை எங்கள் பேரணிகள் அத்தனையையும் விட அதிகம் செய்தது என்பது என் எண்ணம். சர்டிபிகேட் கேட்டு வரும் அப்பாக்கள், "இன்னும் ஏழு மாசம் இருக்கா? சரி, தை மாசம் வெச்சுக்கலாம்" என்று முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குக் காசு கொடுத்துக் கல்யாணத்தைத் தள்ளிப்போட வைப்பது வேடிக்கையான வழிதான். 2022-ல் அதை மாற்றிப் புதுமைப்பெண் திட்டம் ஆக்கினார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். முன்பு காசு அப்பாவின் செலவுக்கு, இப்போது பெண்ணின் கைக்கு. நல்ல மாற்றம். ஆனால் பத்தாவதோடு நின்று போகிறவளுக்கு இது எட்டாது. எங்கள் பக்கம் நின்று போவது பத்தாவதில்தான்.

எண்கள் குறைந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இருபதிலிருந்து இருபத்து நான்கு வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன்பே கல்யாணமானவர்கள் நாட்டில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. எட்டில் ஒருத்தி. நாற்பது பேர் வகுப்பில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள் என்றால் இரண்டு மூன்று பேர். நான் பெயர் சொல்லி அட்டென்டன்ஸ் எடுத்த கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2024 கார்த்திகையில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். 2018-ல் எனக்கு மோர் கொடுத்த அப்பா. தலை நரைத்திருந்தது. மூத்தவள் சம்பாதித்து வீட்டுக்குத் தளம் போட்டதைச் சொன்னார். சின்னவள் பிளஸ் டூ படிக்கிறாள், அக்கா இருந்த அதே விடுதி. பேச்சோடு பேச்சாகப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே லேமினேட் செய்த பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்.

"இதுல போட்டிருக்கிற தேதிதான டீச்சர் கணக்கு?"

"ஆமாம்."

"அப்ப இவளுக்குப் பதினெட்டு எப்ப முடியுது?"

விரல் விட்டு எண்ணினேன். "வர்ற மே மாசம்."

"வைகாசி" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

"காலேஜ் சேர்க்கத்தானே கேக்கறீங்க?"

மார்க் ஷீட்டைக் கவருக்குள் பத்திரமாகத் தள்ளினார். "அதுவும் இருக்கு, டீச்சர்" என்றார். அவர் பஸ் வந்துவிட்டது.